சைக்கிளுக்குப் பின்னால் இருபது நிமிடம்

முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் அந்த ஊர் மருந்துக்கடைக்காரர், வைக்கோல் தொப்பியும் மார்புக்குக் குறுக்கே மூவர்ணப் பட்டையுமாக, மாப்பிள்ளை அழைப்பில் குதிரைமேல் வருகிறவர் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு மிதித்தார். தெரிந்த முகம் தென்பட்ட இடத்திலெல்லாம் தொப்பியைத் தூக்கினார். தூக்கும்போதெல்லாம் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. அவருக்குப் பின்னால், பாரிசிலிருந்து நேற்று விடிகாலையில் கிளம்பிய முப்பத்திரண்டு மோட்டார் வண்டிகளில் முதலாவது வண்டி ஊர்ந்து வந்தது. முதலாவது. சவரிராயன் அந்த வார்த்தையைக் கற்கண்டு மாதிரி வாய்க்குள் அடக்கி வைத்திருந்தான். புதுச்சேரி முத்தியால்பேட்டைச் சவரிராயன், வயது முப்பத்தாறு, பஞ்சாலையில் எண்ணெய் போட்டவன், கப்பலில் கரி தள்ளியவன், இப்போது பாரிஸ் பட்டறை ஒன்றில் இஞ்சின்காரன். இந்த ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஜூலை மாதத்தில், பிரான்சு தேசத்தின் அத்தனை வண்டிகளுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் முன்னால் சைக்கிள். பந்தயத்தின் சட்டம் அப்படி. ஊருக்குள் வேகம் கூடாது. ஊரின் இந்த எல்லையில் ஒரு கயிறு, அந்த எல்லையில் ஒரு கயிறு, நடுவே இருபது நிமிடம் சைக்கிள்காரர் பின்னால் பூனை நடை. அந்த இருபது நிமிடம் பந்தய நேரத்தில் சேராது. அதற்குள் யாரும் வண்டியைப் பழுதுபார்க்கக் கூடாது. ஒரு திருகாணியைத் தொட்டாலும் பந்தயத்தை விட்டே வெளியே. வண்டி ஓட்டுகிற முசியே தெல்வால் ஒரு காலத்தில் சைக்கிள் பந்தயங்களில் பதக்கமாக வாங்கிக் குவித்தவர். அவர் மீசையைக் கடித்தார். "பாரு சவரி, இந்த ஆளு மிதிக்கிற அழக. எங்க ஆயா கூட இதவிட வேகமா ஜெபமாலை உருட்டுவா," என்றார். சவரிராயன் சிரித்தான். தெருவின் இருபுறமும் ஜனம். ஜன்னல்களில் ஜனம். முந்நூறு மைல் தூசியில் அவன் முகம் வெளுத்துச் சுண்ணாம்பு அடித்த சுவராகியிருந்தது, இஞ்சின் புகையில் முசியேவின் முகம் கறுத்துப் போயிருந்தது. இதில் யார் இந்தியன் என்று ஊர்க்காரர்களுக்குள் ஒரு சச்சரவே நடந்தது. பேக்கரிக்காரி ஒருத்தி முசியேவைத்தான் கை காட்டினாள்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் அது வந்தது. காலில் முள் தைத்தால் முதலில் வலிக்காது, இரண்டு அடி நடந்த பிறகுதான் வலிக்கும், அப்படி வந்தது. எண்ணெய்க் குழாயைத் திறந்தேனா? அவன் பார்வை தன்னால் காலடிப் பலகைக்குப் போனது. பலகைக்குக் கீழே ஒரு பித்தளைக் குப்பி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு பிடி. பிடியைத் திருப்பினால் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இஞ்சினின் அச்சுக்குப் போகும். வண்டி நிற்கும்போதெல்லாம் மூட வேண்டும், கிளம்பும்போதெல்லாம் திறக்க வேண்டும். ஊருக்குள் நுழையுமுன் முதல் கயிற்றடியில் நின்றார்கள். காகிதத்தில் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அவன் இறங்கினான், குழாயை மூடினான், தண்ணீர் ஊற்றினான், இஞ்சினைச் சுற்றிக் கிளப்பினான், பிறகு பலகையைத் தூக்கினான், பிறகு? திறந்தேன். திறந்தேனா? திறந்தேன். உள்ளங்கை சாட்சி சொன்னது: பிடி குழாயோடு ஒட்டி நெடுக்காகப் படுத்திருந்தது. நெடுக்காக இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். பஞ்சாலையில் பதினாறு வயதில் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான், குறுக்கே நிக்கிறவன் வழிய மறிக்கிறவன்னு வச்சுக்கடா என்று. இருபது வருஷத்தில் ஆயிரக்கணக்கான குழாய்களை அவன் கை இருட்டில் தடவியே திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது. கப்பலில் இஞ்சின் அறைக்காரர்கள் அவன் கண்ணைக் கட்டிவிட்டு மூன்று நாள் பந்தயம் கட்டினார்கள். சூடேறிய அச்சு எது என்று புறங்கையை அருகில் கொண்டுபோய் மட்டும் சொல்ல வேண்டும். மூன்று நாளும் அவன்தான் ஜெயித்தான். அந்தக் கைக்கா மறக்கும்? நெடுக்காகத்தான் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது. அவன் சாய்ந்து உட்கார்ந்து, மேல்மாடியிலிருந்து கைகாட்டிய இரண்டு கிழவர்களுக்குப் பதிலுக்குக் கை காட்டினான்.

நெடுக்காக. அந்த வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்றைய காலை வந்து நின்றது. இன்று காலை ஒரு கல்ரோட்டில் வண்டி துள்ளி விழுந்து அந்தக் குழாய் முறிந்தது. சட்டப்படி வெளியாள் உதவி கூடாது, வெளிச்சாமான் கூடாது, கையில் இருப்பதை வைத்தே செய்துகொள்ள வேண்டும். முசியே ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். சவரிராயன் வண்டிக்கு அடியில் குனிந்தான். தண்ணீர்த் தொட்டியின் அடியில், அழுக்குத் தண்ணீரை வடிப்பதற்கென்று ஒரு சின்னக் குழாய் இருந்தது. அதைக் கழற்றினான், தொட்டியின் ஓட்டையில் மரமுளை அடித்தான், அரத்தால் நாலு இழுப்பு இழுத்து அந்தக் குழாயை எண்ணெய்க் குப்பியின் அடியில் உட்கார வைத்தான். பதினொரு நிமிடம். முசியே எழுந்து வந்து, தூசியோடும் எண்ணெயோடும் அவனுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "சவரி, நீ மனுஷனே இல்ல," என்றார். ஆண்பிள்ளைகள் முத்தம் கொடுத்துக்கொள்வதை இந்த தேசத்தில் ஒன்பது வருஷமாகப் பார்த்திருந்தாலும் அவன் கூசிப்போனான். ஆனாலும் அந்தப் பதினொரு நிமிடத்தை அவன் இதுவரை எத்தனை முறை மனசுக்குள் நடத்திப் பார்த்துவிட்டான்! முளை அடித்தது, அரம் இழுத்தது, பிடியைத் திருப்பிப் பார்த்தது, அப்போது... அப்போது அந்தப் பிடி ஏறுமாறாக இருந்தது. ஆமாம். தண்ணீர்த் தொட்டிக் குழாயை எந்தப் புண்ணியவானோ தலைகீழாகப் பிடி போட்டுச் செய்திருந்தான். அதில் நெடுக்காக இருந்தால் மூடல். குறுக்கே இருந்தால்தான் திறப்பு. "சவரி, இது நேர்மாறு, மனசுல வச்சுக்க," என்று தமிழில் தனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டதும், முசியே "என்ன ஜெபமா?" என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. உள்ளங்கை இன்னும் அதே சாட்சியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: நெடுக்காக, நெடுக்காக, நன்றாக நினைவிருக்கிறது.

இல்லை, இதற்கு முந்தைய ஊரில் சரியாகத்தானே செய்தேன். செய்தான், நேர்மாறு, நேர்மாறு என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தான். இந்த ஊரில் மட்டும் என்ன கேடு வந்தது? கேடு முதல் கயிற்றடியில் படப்பெட்டியாக மூன்று கால் போட்டு நின்றது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த படம்பிடிக்கிறவர், "அப்படியே இருங்க, கைய எடுக்காதீங்க, இங்க பாருங்க," என்று கத்தினார். முசியேவை அல்ல, அவனை. முதல் வண்டியின் இஞ்சின்காரனை. அவன் பார்த்தான். கன்னத்தை உள்ளே இழுத்து, மீசையை ஒதுக்கி, பலகைக்குக் கீழே கையைக் குழாயில் வைத்தபடி, ராஜா பார்க்கிற மாதிரி பார்த்தான். இறங்கி அந்தப் பெட்டியைக் கண்டதுமே புத்தி படத்துக்குப் போய்விட்டது. கை தனியாக நின்று, மூடும்போதும் திறக்கும்போதும் தனக்குத் தெரிந்த பழைய பாடத்தையே ஒப்பித்துவிட்டது. அப்படியானால் அந்தப் படத்தில் அவன் குழாயைத் தப்பாகத் திருப்புவதல்லவா கண்ணாடித் தகட்டில் ஏறியிருக்கும்! யானைக்கும் அடி சறுக்கும் என்று ஜனங்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம், அது ஏதோ வேறு யானையைப் பற்றிய பேச்சு என்றுதான் சவரிராயன் இதுநாள்வரை இருந்திருக்கிறான். அவன் மனைவி ஞானப்பிரகாசிக்கு அது தெரியும். முதல் பிள்ளைக்கு அவனே கட்டிய தூளி மூன்றாம் நாள் அவிழ்ந்து விழுந்தது. நல்லவேளை, பிள்ளை அப்போது பாயில் கிடந்தது. "கயித்துக் கடைக்காரன் திருட்டுப்பய," என்றான் அவன். "கயிறு முழுசாத்தான் கெடக்குது, முடிச்சுதான் அவுந்திருக்குது," என்றாள் அவள். "மழக்காலம், ஈரத்துல எந்த முடிச்சும் நிக்காது." "ஆமா, மழதான் கட்டுச்சு தூளிய," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். போகிறபோது சிரித்தாள். "ஒங்க வாயில தப்புன்னு ஒரு வார்த்த வந்து நான் கேட்டதில்லங்க. கீழ விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டாது ஒங்களுக்கு." அவன் இப்போது தொட்டுப் பார்த்தான். மீசை நிறையப் பிரான்சு மண் ஒட்டியிருந்தது.

சைக்கிள் நின்றது. மருந்துக்கடைக்காரர் ஒரு பாதிரியாரைக் கண்டு இறங்கி வணக்கம் சொன்னார். இறங்கினதும் ஏறத் தெரியாமல் ஒற்றைக் காலில் தத்தினார். முசியே நெருப்பாகக் கொதித்தார். சவரிராயனுக்கோ அந்த ஆள் அப்படியே தத்திக்கொண்டிருக்கட்டும், சாயங்காலம்வரை தத்தட்டும் என்றிருந்தது. ஊருக்குள் இஞ்சின் தாங்கும். மெதுவாகச் சுற்றுகிறது, அச்சில் பழைய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும், தாங்கும். அந்தக் கயிற்றைத் தாண்டி முசியே முடுக்கினால் பத்து மைல். பத்தே மைல். பிறகு அச்சு காய்ந்து, சூடேறி, ஒரு கிறீச்சல். பஞ்சாலையில் ஒருமுறை கேட்டிருக்கிறான், பன்றியை அறுக்கிற மாதிரி. அதோடு எல்லாம் ஒன்றோடொன்று இறுகி ஒட்டி நின்றுவிடும். முதலாவது வண்டி வயல் ஓரத்தில் நிற்கும், மாடுகள் வந்து மோந்து பார்க்கும். அவன் காதைத் தீட்டிக்கொண்டான். டப் டப் டப் டப். நடுவில் ஒரு சின்ன உரசல் கேட்கிறதா? கேட்கிறது. இல்லை, அது தெருக்கல். நிறுத்தச் சொல்ல வேண்டும், கயிற்றைத் தாண்டியதும். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பலகையைத் தூக்கி, பிடியைத் திருப்பி, நாலு கை எண்ணெயை நேராக ஊற்றி, பலகையை மறுபடி போட ஒன்றரை நிமிடம். பின்னால் வருகிற பச்சை வண்டிக்கும் அவர்களுக்கும் நாலு நிமிட இடைவெளி என்று கயிற்றடியில் சொன்னார்கள். ஒன்றரை நிமிடம் தாங்கும். ஆனால் ஏன் நிறுத்தச் சொல்கிறாய் என்று முசியே கேட்பார். என்ன சொல்வது?

வழி இருந்தது. அந்த வழி எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதை நினைத்தால் அவனுக்கே வெட்கமாக இருந்தது. இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அது ஒரு குட்டிக் குழலைச் செக்கச்செவேலென்று வைத்திருக்கும். அந்தச் சூட்டில்தான் இஞ்சினுக்குள் நெருப்புப் பற்றும். விளக்கு அணைந்தால் இஞ்சினும் அணைந்தது. காற்றில் அது அணைவது தினம் நடக்கிற சங்கதி. காற்றை யார் குற்றம் சொல்ல முடியும்? கயிற்றைத் தாண்டியதும் குனிந்து ஒரு ஊது. "விளக்கு போச்சு முசியே!" இறங்கி, விளக்கை ஏற்றுகிற சாக்கில் குழாயையும் திருப்பிவிடலாம். பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விடும். ஆனால் அணைந்த குழல் மறுபடி சிவக்க ஐந்து நிமிடம், இஞ்சினைச் சுற்ற ஒரு நிமிடம். ஆறு. பச்சை வண்டி போயே போய்விடும். முப்பத்திரண்டில் இரண்டாவது. இரண்டாவது என்றால் இழிவா? இரண்டாவதும் பெருமைதான். அப்படிச் சொல்லிப் பார்த்தான்; வாயில் கற்கண்டு இல்லை, கல் இருந்தது. பொய்க்கு ஆறு நிமிடம், மெய்க்கு ஒன்றரை. கப்பல் சமையல்காரனைக் கேட்டால்கூட எது நல்லது என்று சொல்லிவிடுவான். ஆனால் அவனுக்குப் பட்டறையைத் தெரியாதே. அந்தப் பட்டறையில் இருபது ஜோடிக் கண்கள் நாலு வருஷமாக இவனுடைய முதல் தப்புக்குக் காத்திருக்கின்றன. முதல் நாள் பட்டறைத் தலைவர் இவன் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்கிற மாதிரி கைகட்டி நின்றார். நாலு வருஷம் அத்தனை பேரையும் இவன் பட்டினி போட்டிருக்கிறான். ஒரு திருகாணி தவறவில்லை. இப்போது விருந்து வைக்க வேண்டும், அதுவும் தன் வாயாலேயே. நேற்று முசியே ஒரு திருப்பத்தில் வண்டியை வாய்க்காலில் இறக்கினார். "நான் ஒரு மடையன்!" என்று வானம் அதிரக் கத்தி, சிரித்து, தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். யாருக்கும் அவர்மேல் ஒரு மரியாதை குறையவில்லை. அவர் தப்புச் செய்தால் அது தெல்வாலின் தப்பு. நான் செய்தால் அது புதுச்சேரியின் தப்பு. இந்த நினைப்பில் அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் வேறொரு நினைப்பு வந்தது. புதுச்சேரி என்ன வெல்லக்கட்டியா கரைய? இங்கிலீஷ்காரன் பீரங்கியை வைத்து எத்தனை முறை முற்றுகை போட்டான், கோட்டையைத் தரைமட்டமாக இடித்தான், ஊர் அங்கேயேதானே இருக்கிறது. ஒரு குழாய்ப் பிடியைத் தாங்காதா அது?

"என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு? பசியா?" என்றார் முசியே. "ஒண்ணும் இல்லீங்க முசியே," என்றான். சொன்ன மாத்திரத்தில் தன்னையே நொந்துகொண்டான். இதோ, கேட்டார், சொல்லியிருக்கலாம். மாதா கோயில் கடந்தது. மணிக்கூண்டுக் கடிகாரத்தில் இன்னும் ஐந்து நிமிடம். ஒரு பெண்பிள்ளை ஓடி வந்து அவன் மடியில் ஒரு கொத்து லவேந்தர் பூவைப் போட்டுவிட்டு ஓடியது. வாசனை. கையில் எண்ணெய் நாற்றம், மடியில் பூ வாசனை, காலுக்குக் கீழே காய்ந்துகொண்டிருக்கிற அச்சு. ஒருவேளை சரியாகத்தான் திருப்பியிருப்பேனோ? படம்பிடிக்கிறவர் கத்துவதற்கு முன்பே திருப்பியிருந்தால்? அப்படியானால் ஒன்றுமில்லாததற்கு நிறுத்தி, ஒன்றுமில்லாததற்குத் தப்பை ஒப்புக்கொண்டு, ஊர் சிரிக்கும். மனசு கயிற்றில் கட்டின ஆடு மாதிரி அதே முளையைச் சுற்றிச் சுற்றி வந்து கயிறு குறைந்துகொண்டே போனது. விளக்கு கண்ணுக்கெதிரே எரிந்தது. ஒரு ஊதுக்குள் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். சின்ன நீலச் சுடர், நேற்று விடிகாலையிலிருந்து மழையிலும் காற்றிலும் உள்ளங்கையால் பொத்தி அவன் காப்பாற்றிக் கொண்டுவந்த சுடர். அதை நானே ஊதவா? சீ என்று வாய்விட்டுச் சொன்னான். அந்தச் சீ அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதலாவது வண்டியின் இஞ்சின்காரன் நான். என் இஞ்சினை நானே அணைக்கிறவனா நான்?

இரண்டாவது கயிறு தெரிந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றது. அதிகாரி கையில் கடிகாரத்தோடு விநாடி எண்ணினார். மருந்துக்கடைக்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பந்தயத்தையே தான் ஜெயித்த மாதிரி நெற்றியைத் துடைத்தார். சவரிராயன் முசியேவின் பக்கம் திரும்பினான். "முசியே, கயிறு தாண்டினதும் பத்தடியில நிறுத்துங்க. இஞ்சின அணைக்காதீங்க. எண்ணெய்க் குழாய மூடிட்டேன்னு நெனைக்கிறேன்." "மூடிட்டியா? யாரு?" "நான்தான். தெறக்கிறதுக்குப் பதிலா மூடிட்டேன். தப்பு என்னுது." முசியே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அழுக்கு முகத்தில் இரண்டு வெள்ளை வட்டங்களுக்கு நடுவே கண்கள் அவனை வெறித்தன. பிறகு அவர் வாயிலிருந்து வந்ததை எழுதினால் காகிதம் கருகிவிடும். பிரெஞ்சு மொழியில் எத்தனை மிருகங்கள் உண்டோ அத்தனையும் வரிசையாக வந்து சவரிராயனுக்கு உறவாகிப் போயின. அதிகாரி காதைத் தேய்த்துக்கொண்டார். கயிறு விழுந்தது.

பத்தடியில் வண்டி நின்றது. முசியே காலைத் தூக்கி மடக்கிக்கொண்டார், அவன் பலகையைத் தூக்கினான், கையை விட்டான். நெடுக்காக இருந்தது. மூடித்தான் இருந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. பிடியைக் குறுக்கே திருப்பினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணெய் விழுவதைப் பார்த்தான். குப்பியிலிருந்து நேராகவும் ஊற்றினான். புறங்கையை அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். வெதுவெதுப்பு. காய்ச்சல் இல்லை. கூட்டம் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தது. "என்னாச்சு, என்னாச்சு?" என்று ஒருவர் கேட்க, சவரிராயன் தலையைத் தூக்கி, அந்த முன்பின் தெரியாத மனுஷனிடம், "தப்பா மூடிட்டேன், நான்தான்," என்று தெளிவான பிரெஞ்சில் சொன்னான். ஒருமுறை சொன்னபின் அந்த வார்த்தை பழக்கப்பட்ட கருவி மாதிரி கைக்கு அடங்கிவிட்டது. அவனுக்கு மார்பு விரிந்தது. பயமில்லை. இந்த வண்டியில் நடந்த நல்லது எல்லாம் என்னுடையது என்று நாலு வருஷமாக மார் தட்டியவன், கெட்டதும் என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டான்; இப்போதுதான் வண்டி முழுசாக அவனுடையதாயிற்று. பலகையைப் போட்டு ஏறினான். "தப்பு என்னுது முசியே." "கேட்டாச்சுடா, ஏறு, ஒரு நிமிஷம் இருவது விநாடி போச்சு!" ஊருக்குள்ளே எங்கோ பச்சை வண்டியின் ஊதுகுழல் கேட்டது, அதற்கு முன்னாலும் யாரோ ஒருவர் சைக்கிளில் தொப்பி தூக்கிக்கொண்டிருப்பார். சவரிராயன் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, விளக்கைக் கையால் பொத்தி, நேரே பார்த்தான். ரோடு காலியாக இருந்தது.

"இப்ப ஓட்டுங்க முசியே," என்றான். "எவ்ளோ வேகம் வேணும்னாலும் ஓட்டுங்க."